நாலாம் நம்பரை நான் தொடவே இல்லை

சத்தியம்! சந்தியாகப்பர் மேல் சத்தியம், நாற்பது வருஷம் நான் முங்கி எழுந்த கடல் மேல் சத்தியம், என் ரெண்டு கண் மேல் சத்தியம்! திரும்பிப் பார்க்கட்டும் அண்ணாச்சி, பஸ்ஸே திரும்பிப் பார்க்கட்டும். கண்டக்டரும் கேட்கட்டும். சிப்பித்துறை கயத்தான் மச்சாது நான் இப்போது சொல்லப்போவதில் ஒரு சொல் பொய்யென்றால் இந்த பஸ் இப்படியே உப்பளத்துக்குள் இறங்கட்டும். என்ன? ஆமாம், நீங்களும் இதில்தான் இருக்கிறீர்கள். சரி, பஸ்ஸை விடுங்கள். பொய் சொன்னால் என் நாக்கு செத்துப் போகட்டும். போதுமா?

நாக்கைச் சும்மா இழுக்கவில்லை. கதையே நாக்கில்தான் இருக்கிறது. கொஞ்சம் இந்தக் கடலைமிட்டாய் உறையைப் பிரித்துக் கொடுங்கள். இப்போதெல்லாம் உறையை என்ன பசை போட்டு ஒட்டுகிறானோ, என் விரலுக்குப் பிடி கிடைக்க மாட்டேன் என்கிறது.

நான் சங்கு குளித்தவன். கடலுக்கு அடியில் சங்கு எங்கே கிடக்கிறதென்று மேலே இருந்தபடி எப்படித் தெரியும்? கயிற்றில் ஈயக்குண்டைக் கட்டி இறக்குவோம். குண்டின் அடியில் மெழுகு தடவியிருக்கும். அதில் ஒட்டி வருகிற சேற்றை ஒரு விரலில் வழித்து நாக்கில் வைத்தால் போதும். இது சங்குமண், இது பாறைமண், இது ஆற்றுமண் என்று சொல்லிவிடலாம். எங்கள் ஊரில் எல்லாருக்கும் கொஞ்சம் தெரியும். எனக்குத் தெரிந்த அளவுக்கு ஒருவனுக்கும் தெரியாது. ஒரு மார்கழியில் மூடுபனி. கரை தெரியவில்லை, சூரியன் தெரியவில்லை, படகோட்டுகிற தண்டல் அழுதே விட்டார். நான் சேற்றை நக்கிப் பார்த்துச் சொன்னேன்: "சாமியார் வீட்டுக்கு நேரா நிக்கோம். இன்னைக்கு அங்க முருங்கைக்காய்ச் சாம்பாரு. உப்பு கொஞ்சம் தூக்கல்." கரைக்கு வந்து கேட்டால் முருங்கைக்காய்தான்! சிரிக்காதீர்கள். கோயில் சாமியார் உப்பைக்கூட ஒத்துக்கொண்டார்.

கூட முங்கியவன் இஞ்ஞாசி. இஞ்ஞாசி கோமஸ். என் தங்கச்சி ரெஜினாளைக் கட்டியவன். கடலில் ஒரு வழக்கம் உண்டு அண்ணாச்சி. முங்குகிறவன் இடுப்புக் கயிற்றை மேலே படகில் ஒருத்தன் பிடித்திருப்பான். அந்தக் கயிற்றை அண்ணன் தம்பியிடம் கொடுக்கமாட்டார்கள். அண்ணன் தம்பிக்குச் சொத்தில் கண் இருக்கும். மச்சானிடம்தான் கொடுப்பார்கள். அவன் கயிற்றை விட்டால் தாலி அறுக்கப்போவது அவன் தங்கச்சி. அதனால் இஞ்ஞாசி இறங்கினால் நான் கயிறு, நான் இறங்கினால் அவன் கயிறு. முப்பது வருஷம் அப்படி.

அப்படி இருந்த எங்களிடம்தான் அந்த மேடம் வந்தாள். சுகிர்தா என்று பெயர். கோயம்புத்தூர்க்காரி. முப்பத்தைந்து வயசு இருக்கும். ஏதோ ஆராய்ச்சி நிலையம். கூடவே ஏழு மெஷின். பால் கேனைக் கவிழ்த்து முக்காலியில் நிறுத்தியதுபோல இருக்கும். அடியில் கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு மூக்கு. அதைக் கடல் தரையில் வைத்துவிட்டால், தண்ணீரை மோந்து மோந்து, பாதரசம் இவ்வளவு, ஈயம் இவ்வளவு என்று தனக்குள்ளேயே எழுதிக்கொண்டு கிடக்கும். பதினைந்து நாளைக்கு ஒருமுறை மேலே எடுத்து மடிக்கணினியில் ஒயரைச் சொருகினால் எல்லாவற்றையும் கக்கிவிடும்.

எதற்கு? எங்கள் ஊருக்குத் தெற்கே ஒரு கம்பெனி. பெயர் வேண்டாம். அதன் கழிவுத்தண்ணீர்க் குழாய் கடலுக்குள் போகிறது. அந்தக் குழாய் வாய்க்கு எதிரே நாலாம் நம்பர் மெஷின். மாதாகோயில் சிலுவையும் கம்பெனி புகைக்கூண்டும் ஒரே நேராகத் தெரிகிற இடம். ஏழாம் நம்பர் நேர் எதிர்ப் பக்கம், தூரத்தில், பேய்ப்பாறையில். அங்கே ஒரு குழாயும் கிடையாது, ஒரு ஊரும் கிடையாது. ஒப்பிட்டுப் பார்க்கச் சுத்தமான இடம் ஒன்று வேண்டுமாம்.

நான் என்ன நினைத்தேன்? என் நாக்கை நம்பி வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் என்ன செய்தாள்? இஞ்ஞாசியை முங்கச் சொன்னாள். அவனுக்கு மஞ்சள் மேலங்கி, கழுத்தில் போட்டோ வைத்த அட்டை. என்னைக் கயிறு பிடிக்கச் சொன்னாள். இன்னொன்று கேளுங்கள். அவனை 'அண்ணா' என்பாள். என்னைத் 'தாத்தா' என்பாள். அவன் என்னைவிட ஒரு வயசு மூத்தவன் அண்ணாச்சி! தலைக்கு மை பூசுவான், அவ்வளவுதான்.

முதல் தடவை நாலாம் நம்பரை மேலே எடுத்த அன்று. மெஷின் காலில் கறுப்பாகச் சேறு ஒட்டியிருந்தது. வழக்கம்போல ஒரு விரலில் வழித்து நாக்கில் வைத்தேன். பால் போல இருந்தது. ஒரு குறையும் இல்லை. "நல்ல மண்ணு மேடம். இன்னும் ரெண்டு வருஷத்துல இங்க சங்கு விழும்" என்றேன். அவள் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். என் விரலைப் பார்த்தாள்.

"தாத்தா! துப்புங்க! ஐயோ, துப்புங்க தாத்தா!"

படகே திரும்பிப் பார்த்தது. தன் தண்ணீர் பாட்டிலை என் வாயில் வைத்துக் கொப்பளி என்றாள். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. பிள்ளைக்கு வாய் கழுவி விடுகிற மாதிரி. படகுக்காரன் லெயோன் சிரித்தான். "என்ன வே, நாக்குக்கு ஞானஸ்நானமா?" என்றான். அன்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க எனக்குத் 'துப்புத் தாத்தா' என்று பெயர்.

எப்படி இருக்கும் சொல்லுங்கள். மூடுபனியில் முருங்கைக்காய் கண்டுபிடித்த நாக்கு! அதைத் துப்பச் சொன்னாள்.

அடுத்த தடவை நான் விரலால் வழிக்கவில்லை. வீட்டிலிருந்து கரண்டி கொண்டுபோனேன். ஒரு கரண்டி நாலாம் நம்பர் சேறு. அவள் பார்க்கப் பார்க்க வாயில் போட்டு விழுங்கினேன். "ஒம்ம மெசினு விசம்ங்குது. என் நாக்கு பாலுங்குது. யாரு சாவுதான்னு பாப்போம்" என்றேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. தோற்கப் போகிறோம் என்று தெரிந்தால் பெண்பிள்ளைகளுக்குக் கண் கலங்கும். அதிலிருந்து நாலு மாசம் அண்ணாச்சி. எட்டுத் தடவை மெஷின் எடுத்தார்கள். எட்டுத் தடவையும் விழுங்கினேன். இதோ உட்கார்ந்திருக்கிறேன், சாகவில்லை.

இந்த மிட்டாய் உங்களுக்கு இனிக்கிறதா? எனக்கு மண்ணை மெல்லுகிற மாதிரி இருக்கிறது. எல்லாவற்றிலும் கலப்படம். டீக்கடைக்காரனிடம் தினமும் சண்டை. ஆறு கரண்டி சர்க்கரை போட்டேன் என்று கூசாமல் பொய் சொல்கிறான்.

நடுவில் மேடம் என்னை வேலையிலிருந்து நிறுத்தப் பார்த்தாள். "இவர் வந்தா நான் வர மாட்டேனுங்க. இவருக்கு ஏதாவது ஆனா யார் பொறுப்பு?" என்றாள். இஞ்ஞாசி விடவில்லை. "மச்சான் இல்லாம நான் எறங்கமாட்டேன் மேடம். என் கயிறு அவன் கையிலதான் இருக்கணும்" என்றான். பார்த்தீர்களா கொழுப்பை? தான் மேலங்கி போட்டுக்கொண்டு முங்குவானாம், நான் காலமெல்லாம் அவனுக்குக் கயிறு பிடிக்க வேண்டுமாம்.

ஆனால் அவனுக்கு அந்த மெஷின்மேல் அவ்வளவு பைத்தியம் வந்ததற்குக் காரணம் உண்டு. என் தங்கச்சி. ரெஜினாளுக்குக் கொஞ்ச நாளாக ஒரு மாதிரி. கையில் எடுத்த சட்டியைக் கீழே போடுவாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். பேச்சு குழறும். சட்டை பொத்தானைப் போட அரைமணி நேரம். பெரியாஸ்பத்திரி டாக்டர், நரம்பில் பாதரசம் ஏறியிருக்கிறது, மீனில் வந்திருக்கலாம், இனிமேல் ஏறாமல் பார்த்துக்கொண்டால் பிழைப்பாள் என்றாராம். எங்கள் ஊரில் மீன் தின்னாமல் என்னத்தைத் தின்ன?

இஞ்ஞாசி என்னிடம் வந்து படகு நிழலில் உட்கார்ந்தான். "மச்சான், வார பதினெட்டாம் தேதி கமிட்டி வருது. மேடத்துக்க பேப்பர ஒத்துக்கிட்டாவன்னா கொழாய மூடிருவாவ. பின்ன கொஞ்சங் கொஞ்சமா கடலு சுத்தமாயிரும். ரெஜினாளு பொழச்சிருவா."

"அவளுக்குச் சின்ன வயசிலேயே நடிப்பு ஜாஸ்தி மாப்ளே. கோயில்ல புதுநன்மை அப்பம் எடுக்கயில மயங்கி விழுந்தாளே, தெரியும்லா? பசிச்சிது, அவ்வளவுதான்."

அவன் காலடி மண்ணைக் கையில் அள்ளி அள்ளி விட்டுக்கொண்டிருந்தான். "பதினெட்டாம் தேதி" என்று மறுபடியும் சொன்னான், ஏதோ பெருநாள் மாதிரி.

எனக்கு அது மண்டையில் ஏறவில்லை. எனக்கு ஏறியது ஒன்றுதான். பதினெட்டாம் தேதி கமிட்டி முன்னால் மெஷின் ஜெயிக்கும். என் நாக்கு தோற்கும். எழுத்தில் தோற்கும். பேப்பரில் வரும். துப்புத் தாத்தா பெயர் என் கல்லறை வரைக்கும் நிற்கும்.

சத்தியம் பண்ணியிருக்கிறேன், அதனால் ஒளிக்காமல் சொல்கிறேன்.

பழைய இரும்புக்கடையில் ரத்தக்கொதிப்புப் பார்க்கிற கருவி உடைந்தது ஒன்று கிடந்தது. உள்ளே பாதரசம். வெள்ளிப் பாம்புக்குட்டி மாதிரி கையில் ஓடியது. அழகென்றால் அழகு. ரெண்டு நாள் அதை வைத்து விளையாடினேன். பிறகு செத்த பேட்டரிக் கட்டைகளை உடைத்து, கரியும் களிமண்ணும் சேர்த்து அந்தப் பாதரசத்தைப் போட்டுப் பிசைந்தேன். கொழுக்கட்டை மாதிரி ஒரு உருண்டை. பழைய வேட்டித்துணியில் பொட்டலம் கட்டினேன்.

ஆறாம் தேதி ஊரில் கொடியேற்றம். எல்லாரும் கோயிலில். நான் லெயோனின் பைபர் படகைத் தனியாக எடுத்துக்கொண்டு பேய்ப்பாறைக்குப் போனேன். ஏழாம் நம்பருக்கு. நாலாம் நம்பருக்கு இல்லை, ஏழாம் நம்பருக்கு. ஏன் தெரியுமா? நாலில் விஷம் என்றால் நம்புவார்கள். குழாய் பக்கத்தில் இருக்கிறது. ஏழில் விஷம் என்று மெஷின் கத்தினால்? கண்ணாடி மாதிரித் தண்ணீர், ஒரு ஈ காக்காய் இல்லாத இடம். அங்கே கத்தினால் மெஷினுக்குத்தான் மூக்கு அழுகிவிட்டது என்று ஊர் சிரிக்கும்.

கல்லைக் கட்டிக்கொண்டு இறங்கினேன். ஆறு ஆள் உயரம். பொட்டலம் பல்லிடுக்கில். உள்ளே கால்மணி நேரம் மூச்சுப் பிடித்திருந்தேன். சத்தியம்! மெஷின் மூக்கைச் சுற்றிப் பொட்டலத்தை வைத்துக் கட்டி முடிக்கும்போது கண் இருட்டிவிட்டது. ஒரு ஆமை வந்தது. வண்டிச் சக்கரம் அளவு முதுகு. என்னைப் பார்த்தது, 'ஏறு கயத்தான்' என்கிற மாதிரி நின்றது. பிடித்துக்கொண்டேன். மேலே கொண்டுவந்து விட்டது. நம்பவில்லையென்றால் போங்கள்.

கணக்குச் சரியாகத்தான் போட்டிருந்தேன். மெஷினை மேலே இழுக்கிறது என் கை. இழுக்கிறபோதே பொட்டலத்தை உருவித் தண்ணீரில் விட்டால் முடிந்தது. மெஷின் கத்தியது மட்டும் பாக்கி நிற்கும்.

பதினெட்டாம் தேதி கமிட்டிக்காரர்கள் சொந்தப் படகும் சொந்த ஆட்களும் கொண்டுவந்துவிட்டார்கள். இழுக்கிறதற்கு இயந்திரம். என்னையும் இஞ்ஞாசியையும் லெயோனையும் சும்மா ஓரத்தில் உட்கார வைத்தார்கள்.

முதலில் நாலாம் நம்பர். மேடம் ஒயரைச் சொருகினாள். கமிட்டியின் பெரியவர் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். கம்பெனி வக்கீல் முகத்தில் ஈயாடவில்லை. இஞ்ஞாசி என் கையைப் பிடித்து நசுக்கினான். "மச்சான், முடிஞ்சிது மச்சான். ரெஜினாளுட்ட போய்ச் சொல்லணும்" என்றான். சிலுவை போட்டுக்கொண்டான்.

கடைசியில் ஏழாம் நம்பர். தண்ணீரை விட்டு மேலே வரும்போதே எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. மூக்கில் என் கொழுக்கட்டை தொங்கிக்கொண்டிருந்தது.

கம்பெனி வக்கீல் எழுந்து வந்து பேனா முனையால் பொட்டலத்தைக் குத்திப் பார்த்தார். வெள்ளிமணி மாதிரி ரெண்டு சொட்டு தளத்தில் உருண்டது. அவர் சிரித்தார் பாருங்கள். "நம்பர் மாத்தி வச்சிட்டாங்க போல சார். இதுல வச்சவங்க மத்ததுல வைக்கமாட்டாங்கன்னு என்ன நிச்சயம்?"

மேடம் வாயைத் திறந்தாள், மூடினாள். மீன் மாதிரி.

பொட்டலம் கட்டியிருந்த முடிச்சை லெயோன் பார்த்துவிட்டான். "இது நம்மூரு முடிச்சுல்லா" என்று உளறியும் விட்டான். சங்குப் பையின் வாயை ஒவ்வொருத்தன் ஒவ்வொரு மாதிரி முடிச்சுப் போடுவான். பையைப் பார்த்தால் யாருடையது என்று தெரியும். அது இஞ்ஞாசி முடிச்சு. ரெட்டைச் சுற்று, ஒரு வால் உள்ளே, ஒரு வால் வெளியே. முப்பது வருஷம் அவன் பையை நான் அவிழ்த்திருக்கிறேன், கட்டியிருக்கிறேன். தண்ணீருக்குள் கை தானாகப் போட்டுவிட்டது. கைக்கு நான் என்ன செய்ய? வேண்டுமென்றே போட்டேன் என்று நீங்கள் நினைத்தால், நினைத்துக்கொள்ளுங்கள்.

"இது யார் போட்ட முடிச்சு?" என்றார் பெரியவர்.

தெரியாது என்றால் முடிந்திருக்கும் அண்ணாச்சி. ஒரு சொல். தெரியாது. இஞ்ஞாசி எழுந்து நின்றான். "முடிச்சு என்னுதுதான் சார். கெட்டுனது நானில்ல" என்றான்.

வக்கீல் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கே சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். இஞ்ஞாசி அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு என்னைப் பார்த்தான். பார்த்தான், அவ்வளவுதான். ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு அதுதான் கோபம். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. கேட்க மாட்டேன் என்றானே, அவ்வளவு திமிர்.

கமிட்டி ஏழு மெஷினின் பேப்பரையும் தள்ளிவிட்டது. குழாய் அப்படியே ஓடுகிறது. மேடத்தின்மேல் விசாரணை. கடைசியாகப் பெட்டியைக் கட்டிக்கொண்டு போகிற அன்று என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். நல்ல வார்த்தை நாலு சொல்லலாம் என்று வெளியே வந்தேன். "தாத்தா, தயவுசெஞ்சு ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் குடுத்துப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். தோற்றும் அடங்கவில்லை.

ஒன்று மட்டும் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். நாலாம் நம்பரை நான் தொடவே இல்லை. அதில் வந்தது அத்தனையும் அதுவாக எழுதிக்கொண்டது. சத்தியம் பண்ணியிருக்கிறேன் பாருங்கள். பிறகு என்மேல் என்ன குற்றம்?

இஞ்ஞாசிக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. மெஷின் போனால் என்ன, மண்ணையே கொண்டுபோய்க் காட்டுகிறேன் என்று தினமும் குழாய் வாய்க்குப் போக ஆரம்பித்தான். கண்ணாடி கிடையாது, உடுப்பு கிடையாது. அந்தக் கறுப்புத் தண்ணீரில் முங்கிப் பாட்டில் பாட்டிலாகச் சேறு எடுத்தான். எந்த ஆபீஸிலும் வாங்கவில்லை. நீதானே அந்த முடிச்சுக்காரன் என்றார்கள். கயிறு யார் பிடித்தது என்கிறீர்களா? நான்தான். ஊரில் ஒருத்தனும் வரவில்லை, என்னிடம்தான் வந்தான். "பிடி மச்சான்" என்று கயிற்றை நீட்டினான். பிடித்தேன். ஒரு மழைக்காலம் முழுக்கப் பிடித்தேன். கையில் பிடி நழுவ நழுவ, மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு பிடித்தேன். விடுவேனா? தங்கச்சி தாலி அண்ணாச்சி.

அந்தத் தாலி போன சித்திரையில் போய்ச் சேர்ந்தது. ரெஜினாள் முந்திக்கொண்டாள். கடைசி நாளில் பார்க்கப் போயிருந்தேன். கஞ்சி வாயில் நிற்கவில்லை. என்னைப் பார்த்து 'அண்' என்று மட்டும் சொன்னாள். அதற்குமேல் வரவில்லை. நடிப்பு கொஞ்சம் கூடிப்போய்விட்டது என்று நினைத்தேன். அன்று மட்டும் அப்படி நினைக்கக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது.

இந்தப் பொத்தானை ஒன்று மாற்றிப் போட்டிருக்கிறேனா? காலையில் கண்ணாடி பார்த்துத்தான் போட்டேன். வயசு, அண்ணாச்சி. ஓரத்தில் வருகிற ஆள் தெரிவதில்லை, உதடு மரத்து மரத்துப் போகிறது. நரம்பு டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். கடலில் எதையாவது வாயில் வைத்தீர்களா என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டேன். அந்தக் கோயம்புத்தூர்க்காரி ஜெயித்துவிடக் கூடாதில்லையா.

அடுத்த நிறுத்தம் பெரியாஸ்பத்திரி. இறங்கவேண்டும். இஞ்ஞாசியும் அங்கேதான் கிடக்கிறான், ரெண்டு மாசமாக. இந்த ரொட்டி அவனுக்குத்தான். பேச்சு சுத்தமாகப் போய்விட்டது. கை வராது, எழுதவும் மாட்டான். தலை மட்டும் மேலும் கீழுமாக ஆடிக்கொண்டே இருக்கும், ஒரு நிமிஷம் நிற்காது. என்னைக் கொஞ்சம் எழுப்பி விடுங்கள். அந்தக் கம்பியில் என் கையை வைத்துவிடுங்கள், அதுவாகப் பிடிக்க மாட்டேன் என்கிறது.

ஒரே ஒரு வேண்டுதல். இதை நீங்கள் எங்கே வேண்டுமானாலும் சொல்லுங்கள். நல்ல கதை, ஆமையை விட்டுவிடாதீர்கள். சொன்னது கயத்தான் என்று மட்டும் ஒருத்தரிடமும் மூச்சு விடாதீர்கள். யார் சொன்னது என்று குடைந்து கேட்டால், இஞ்ஞாசி கோமஸ் தன் வாயாலேயே ஒத்துக்கொண்டான் என்று சொல்லுங்கள். நம்பாதவர்களை ஆண்கள் வார்டுக்குப் போகச் சொல்லுங்கள். கட்டில் பக்கத்தில் நின்று, 'அந்த முடிச்சைக் கட்டினது நீதானே?' என்று கேட்கச் சொல்லுங்கள்.

ஆமாம், ஆமாம் என்று தலையாட்டுவான்.